பெரிய வண்டிக்கு நாலு டயர்

முன்சக்கரத்தின் உள்பக்கத்தில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார் கடைக்காரர். வசந்தாமணி குனிந்து தடவினாள். வழவழவென்றிருந்தது. வழவழவென்றிருந்தால் நல்லது என்றுதான் இத்தனை வருஷமாகக் கைக்குப் பழக்கம். தோசைக்கல், ஆட்டிய மாவு, கைக்குழந்தையின் கன்னம் எல்லாம் அப்படித்தான். இங்கே மட்டும் அது கெட்டது. மொட்டையாயிருச்சுங்க மேடம், மழையில பிரேக் அடிச்சா வழுக்கிட்டுப் போயிரும் என்றார் அவர். சட்டைப் பைக்கு மேல் ஹரிபிரசாத் என்று பெயர் தைத்திருந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி, அதனால் நாலையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும், முன்னால் மட்டும் மாற்றினால் உள்ளே கியர் பக்கம் கோளாறு வரும் என்றார். பின்டயர்கள் அவ்வளவு மொட்டையில்லை, ஆனால் பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடியிருந்தது. ஓடாமல் ஒரே இடத்தில் வெயிலில் நின்றால் ரப்பர் இறுகிவிடுமாம். நின்றது வாஸ்தவம்தான். போன வைகாசியிலிருந்து தை வரைக்கும் திருச்செங்கோட்டு வீட்டு வாசலில் அந்தக் கறுப்பு ஜெர்மன் வண்டி, ஊரே நின்று பார்த்த வண்டி, புறாக்கள் எச்சமிட நின்றபடியே நின்றது. நின்று இறுகிப்போனது என்றதும் மனசு கடைக்குள் இருந்த சோபா பக்கம் போகப் பார்த்தது. சோபாவில் அவள் புருஷன் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார், அவள் அவர் மடியில் எடுத்து வைத்துவிட்டு வந்த வலது கை வைத்தபடியே இருக்க, இடது கையில் ஊன்றுகோலோடு. மனசை அந்தப் பக்கம் போகவிடாமல் இழுத்துப் பிடித்தாள். எதைப் பார்த்தாலும் அவரோடு சேர்த்துப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது, உதிர்ந்த பல்லி வால், சார்ஜ் இறங்கிய போன், பாதி திறந்த ஜன்னல். அவர் டயர் இல்லை. டயரை டயராகப் பார்த்துவிட்டுப் போவோம் என்று நிமிர்ந்தபோது முட்டி சத்தம் போட்டது.

காட்சிக்கு வைத்திருந்த டயர்களில் இரண்டைத் தனியாக உருட்டிக்கொண்டு வந்து சோபாவுக்கு முன்னால் நிறுத்தினார் ஹரிபிரசாத். ஒன்று மேலெல்லாம் மெல்லிய கோடுகளாக, பட்டுப்புடவைக் கரை மாதிரி இருந்தது. ரோட்டுக்கு இதுதான், சத்தமே வராது, உள்ளே மெதுவாகப் பேசினாலும் கேட்கும் என்றார். இன்னொன்று கட்டை கட்டையாகப் பெரிய பட்டன்களோடு, விரல் நுழைகிற பள்ளங்களோடு இருந்தது. கல்லு, மண்ணு, சேறு எதில் போனாலும் பிடிக்கும், ஆனால் தார் ரோட்டில் கொஞ்சம் இரைச்சல் வரும். மெதுவாகப் பேசினாலும் கேட்கும் என்ற இடத்திலேயே அவள் மனசு நின்றுவிட்டது. அந்த வண்டிக்குள் யார் பேசுகிறார்கள்? திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் ஆற்றுப்பாலம் தாண்டி ஈரோட்டுக்கு வருவாள், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டுத் திரும்புவாள். வரும்போதும் போகும்போதும் அவள்தான் பேசுவாள், ஆத்துல தண்ணி கம்மி, இந்த சினிமாக் கொட்டாயை இடிச்சுட்டாங்க, வெயிலு சுள்ளுங்குது. பேசுகிறவளாக அவள் ஆனதே இப்போதுதான். அதற்கு முன் அவர் பேசுவார். அதுவும் போனில். ஆழ்குழாய்க் கிணறு போடுகிற ரிக் வண்டிகளோடு மழைக்காலம் தவிர வருஷம் பூராவும் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று அலைந்தவர். விளக்கு வைக்கிற நேரத்துக்கு போன் வரும். இன்னிக்கு செவப்பு மண்ணு வந்துச்சு புள்ள, அப்புறம் கருங்கல்லு, மூணு எடம் மாத்தியும் வெறும் புழுதிப் புகைதான், கடைசியில பாரு, தண்ணி பீச்சிக்கிட்டு அடிக்குது, அந்த ஊர்க்காரங்க என்னைத் தோள்ல தூக்கிட்டாங்க. அவள் அடுப்படியில் நின்று போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, ம், என்பாள். கல்யாணம் கட்டி வந்து மகள் பிறந்து, மகள் படித்து பெங்களூர் போய் வேலைக்குச் சேர்ந்து, எல்லாம் அந்த ம் என்கிற சத்தத்திலேயே நடந்து முடிந்தது. அப்போது குரல் வீட்டில் இருந்தது, ஆள் இல்லை. இப்போது ஆள் இருக்கிறார்.

அந்தக் கடைசி போனை நினைக்கக்கூடாது என்று வைத்திருக்கிறாள், அது தானாக வரும், கோலப்பொடி எடுக்கும்போது வரும், இப்படி ஒரு கடையில் ரப்பர் வாசனைக்கு நடுவிலும் வரும். ராய்ப்பூர் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். வழக்கமான ராகம்தான், ஏற்றம் இறக்கம் எல்லாம் சரியாக இருந்தது, வார்த்தைதான் இடம் மாறி விழுந்தது. கம்ப்ரசர் பாலு ஊத்தி நாளான்னிக்குக் கதவு பேசும் புள்ள, என்ற மாதிரி ஏதோ. அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ம், என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் சொன்னார், கேள்வி கேட்கிற மாதிரிகூட ஒரு இடத்தில் நிறுத்தினார். அதற்கும் ம் என்றாள். கொஞ்ச நேரத்தில் ரிக் வண்டி டிரைவர் கூப்பிட்டு, அக்கா, அண்ணன் விழுந்துட்டாருங்க என்றான். அவள் செய்தது தப்பு என்று யாரும் சொல்லவில்லை, தப்பும் இல்லை, கூப்பிடு தூரத்திலா இருந்தாள், இரண்டு ராஜ்யம் தாண்டி இருந்தாள். ஆனாலும் அவர் என்ன கேட்டார் என்பது ஒரு முள் மாதிரி உள்ளே இருக்கிறது. எதற்கு அவள் ம் என்றாள்?

பக்கவாதத்துக்குப் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் எல்லாவற்றுக்கும் தண்ணி என்றார். போர்வை வேண்டுமென்றால் தண்ணி, ஃபேனை நிறுத்தச் சொன்னாலும் தண்ணி. சொம்பில் கொண்டுபோய் நீட்டினால் தட்டிவிடுவார். அவருக்கு உள்ளே எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது, வார்த்தை எடுக்கிற இடம்தான் அடிபட்டிருக்கிறது, பொறுத்திருந்தால் வரும், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னாள். வாரத்துக்கு ஒரு தடவை சொல்வாள். வசந்தாமணியும் சரிங்க என்பாள். ஆனால் வீட்டில் வேலை கிடக்கும்போது, ஒரு மனுஷன் நெற்றி நரம்பு புடைக்க, வாயைக் கோணி, இ, இ, என்று திணறும்போது எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது? இட்லிங்களா? என்பாள். தலையாட்டுவார். முடிந்தது. நாளாக நாளாக அவளுக்கு அது கைவந்துவிட்டது. அவர் கண் போகிற திசையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அவளிடமே கேட்பார்கள். அண்ணி, அண்ணன் என்ன சொல்றாரு என்பார் கொழுந்தனார் பொன்னுசாமி. அவள் சொல்வாள். அவர் தலையாட்டுவார். உன்னாட்டம் யாரு புரிஞ்சுக்குவா என்று எல்லோரும் சொன்னபோது, இல்லை என்றெல்லாம் சொல்லமுடியாது, சந்தோஷமாகத்தான் இருந்தது. கூலிக்கு வைத்த டிரைவர் ஒருவன் முதல் நாளே அவரிடம் செவிடனிடம் கத்துகிற மாதிரி, சார், சீட் பெல்ட்டு, சீட் பெல்ட்டு என்று கத்தினான். அன்றைக்கே அவனை அனுப்பிவிட்டு, தை மாதத்திலிருந்து அவளே சாவியை எடுத்தாள். சின்ன வண்டி ஓட்டத் தெரியும், இது வீடு மாதிரி வண்டி, முதல் வாரம் வேர்த்து ரவிக்கை நனைந்துபோனது. இதை விற்றுவிட்டுக் கையடக்கமாக ஒன்று வாங்கிக்கலாம் அண்ணி என்று பொன்னுசாமி சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதை மட்டும்தான் அவள் இன்னும் சென்னியப்பனிடம் கேட்கவில்லை. கேட்டால் தலையாட்டிவிடுவார் என்று ஏனோ பயமாக இருந்தது.

எதுங்க மேடம் போடலாம் என்று ஹரிபிரசாத் கேட்டபோது சென்னியப்பன் ஊன்றுகோலை சோபாவில் சாத்திவிட்டு, முன்னால் சாய்ந்து, இடது கையை நீட்டிக் கட்டை கட்டையான அந்த டயரைத் தொட்டார். தொட்டு, பள்ளத்துக்குள் விரலைவிட்டு அழுத்தினார். க, என்றார். க, க. வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது, பாசத்தில் வருகிற சிரிப்புதான். டாக்டரம்மா வீட்டுக்கும் கோயிலுக்கும் போய் வர இதா? கை எங்கே போகிறது என்று தெரியாமல் போய்விடுகிறது, தட்டில் பொரியல் எடுக்கப் போய் ஊறுகாயைத் தொடுவார், அந்த மாதிரி. சும்மா தொட்டுப் பாக்கறாருங்க, அந்தச் சத்தமில்லாததையே போட்டுருங்க, அதானுங்க நமக்கு? என்று அவர் பக்கம் திரும்பினாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். அவளைப் பார்த்தார். தலையாட்டினார். ஹரிபிரசாத் உள்ளே குரல் கொடுத்தார், வண்டியை மேலே தூக்குகிற இயந்திரம் முனகிக்கொண்டு கிளம்பியது, போல்ட்டு கழற்றுகிற துப்பாக்கி டர்ரென்று கத்தியது. நாலு சக்கரத்தையும் கழற்றிய பிறகு அந்தப் பெரிய வண்டி அந்தரத்தில், பார்க்கப் பாவமாக நின்றது. உட்காருங்க மேடம், ஒரு மணி நேரத்துல ஆயிரும் என்றார்.

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெருந்துறை ரோட்டில் பஸ்கள் போயின. வேலை முடிந்த மாதிரிதான், ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை, செருப்புக்குள் சின்னக் கல் கிடக்கிற மாதிரி. என்ன அது? கையை எடுத்துக்கொண்டாரே, அந்த வேகம். தவறிப் போன கை அப்படித் திரும்பி வராது. விரலைவிட்டு அழுத்திப் பார்த்தார், அதுவும் தவறிப் போன கை செய்கிற காரியம் இல்லை. அது போகட்டும், தலையாட்டினாரே. தலையாட்டினார், ஆமாம். மீசையை எடுத்த அன்றைக்கும் தலையாட்டினார். ஊட்டும்போது கஞ்சி மீசையில் ஒட்டுகிறது, எடுத்துரலாமுங்களா என்றாள், தலையாட்டினார், நாவிதர் வந்து எடுத்துவிட்டுப் போனார். அப்புறம் அவர் கண்ணாடியைக் கையில் வாங்கிக்கொண்டு திருப்பித் தரவே இல்லை, மத்தியானம் வரை மடியில் வைத்திருந்தார். கழுவித் துடைத்த முகம் மாதிரி பளிச்சுன்னு இருக்கு என்று அவள் சொன்னாள். அதற்கும் தலையாட்டினார். பழைய ரிக் வண்டியை விற்கிற அன்றைக்கு வாங்குகிறவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், பொன்னுசாமி நின்றார், குடுத்துரலாம்னுதானுங்க நெனைக்கறீங்க என்று அவள் கேட்டாள். கேட்டாளா, சொன்னாளா? தலையாட்டினார். வண்டி போய்விட்டது. இப்படி எத்தனை? சட்டை வேண்டாம் வேட்டியே போதும், மகள் வந்தால் மாடியில் படுத்துக்கட்டும், டிவி போதும், விளக்கை அணைக்கலாம். எதிர்த்த டிவியில் ஒரு பெண் வாயசைத்துக்கொண்டிருந்தாள், செய்தி சொல்கிறாளா, சமையல் சொல்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. வசந்தாமணி அதைப் பார்த்துக்கொண்டே தன்னையறியாமல், ம், என்றாள். சின்னச் சத்தம்தான். தொண்டைக்குள் அது அதிர்ந்ததும் அவள் டிவியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள்.

ஏனென்றால் அந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும். போனில் அவள் சொன்ன ம் ஒன்றுக்குக்கூட ஆமாம் என்று அர்த்தம் இல்லை. பால் பொங்குது என்று ஒரு ம். தூக்கம் வருது என்று ஒரு ம். இந்த வருஷமாவது தீபாவளிக்கு இருக்கக் கூடாதா என்று ஒரு ம். மகளுக்கு முதல் தடவை ஜுரத்தில் வலிப்பு மாதிரி வந்த ராத்திரி, எல்லாம் நல்லாருக்குதா புள்ள என்று அவர் கேட்டதற்குச் சொன்ன ம். எடுத்துச் சொல்லப்போனால் பெரிய கதை ஆகும், அவரால் அங்கிருந்து என்ன செய்ய முடியும், போகட்டும், என்கிற ம். சொல்லி ஒன்றும் ஆகாது என்று தெரிந்த பிறகு வருகிற சத்தம் அது. அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போனார். அவர்மேல் ஒரு காலத்தில் இருந்த கோபம் இதுதான் என்பதே இப்போதுதான் உருவாகத் தெரிந்தது, கோபமாக இல்லாமல் வெறுமனே தெரிந்தது, பனி விலகினால் எதிரே மரம் தெரிகிற மாதிரி. பக்கத்தில் அவர் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். அவர் டிவியைப் பார்க்கவில்லை. இன்னும் எடுத்துவைக்கப்படாமல் எதிரே நின்ற அந்தக் கட்டை டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து உள்ளே போனாள். ஒரு சக்கரத்தில் புது டயரைப் பொருத்திவிட்டு இரண்டாவதை எடுத்திருந்தார்கள். கொஞ்சம் நிறுத்துங்க என்றாள். சொன்ன குரல் அவளுக்கே சாதாரணமாகத்தான் இருந்தது. ஹரிபிரசாத், ஏதாவது பிரச்சனையா மேடம் என்று பின்னாலேயே வந்தார். இல்லீங்க, நான் அவசரப்பட்டுட்டேன் என்றாள். திரும்பி வந்து சோபாவில் உட்காராமல், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, எது வேணும்?"

அவர் அவளைப் பார்த்தார். முதலில் தலையாட்டினார். அவள் முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். தலையாட்டியது போதவில்லை என்று அவருக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் முகம் மாறியது, பரீட்சை வைக்கிறாளோ என்ற சந்தேகம் வந்து போனது. பிறகு வாய் திறந்தது. க, என்றார். அவள் வாய்க்குள் நூறு வார்த்தைகள் வந்து பல்லுக்குப் பின்னால் மோதின. கல்லுங்களா, கரடுங்களா, கறுப்புங்களா, கடைங்களா. கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். க, என்றார் மறுபடி. நெற்றி நரம்பு எழும்பியது. ஊன்றுகோல் சரிந்து தரையில் விழுந்தது, குனிந்து எடுக்கப் போன கையை அவள் நிறுத்திக்கொண்டாள், எடுத்தால் அந்தச் சாக்கில் அவர் விட்டுவிடுவார். காலம் எவ்வளவு நீளமானது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்து கதவைத் திறந்து எதையோ கேட்டுவிட்டுப் போனார், ரோட்டின் சத்தம் உள்ளே வந்து வெளியே போனது. சுமக்கிறவன் சுமக்கட்டும் என்று பக்கத்தில் கைவீசி நடப்பது இவ்வளவு கஷ்டமா? அவருக்கு உதவி செய்யத்தான் இத்தனை நாள் எடுத்துக்கொடுத்தேன் என்று நினைத்திருந்தாள், இல்லை, இதைத் தாங்கமுடியாமல்தான். ஹரிபிரசாத் வந்து நின்றார். அவரும் பார்த்தார், பார்க்கக் கூச்சப்பட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"சார் என்னங்க சொல்றாரு மேடம்?"

"தெரியலீங்க," என்றாள் வசந்தாமணி. "அவரையே கேளுங்க."

ஹரிபிரசாத் சோபா பக்கம் திரும்பினார். பிறகு விழுந்து கிடந்த ஊன்றுகோலை எடுத்து சோபாவில் சாத்திவிட்டு, சென்னியப்பன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாதாரணக் குரலில், சார், எங்க போறதுக்குங்க டயரு என்று கேட்டார். எங்கே போவதற்கு. அவளுக்குத் தோன்றவே தோன்றாத கேள்வி. சென்னியப்பன் அவரைப் பார்த்து, காட்டு, என்றார். காட்டு, காட்டுக்கு, என்றார். நிறுத்தி மூச்சு வாங்கினார். அப்புறம் வந்த வார்த்தை திணறாமல், முழுசாக, பழைய குரலில் வந்தது.

"பாயிண்ட்டுக்குப் போகோணும்."

ஹரிபிரசாத்துக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது. தண்ணீர் இருக்கும் என்று பார்த்துக் குறித்து, ரிக் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிற இடத்துக்கு அவர்கள் தொழிலில் பாயிண்ட் என்று பேர். யார் காட்டிலோ, வரப்புத் தாண்டி, உழுத மண்ணிலும் கல்லிலும் ஏறி இறங்கிப் போக வேண்டிய இடம். மிச்சமிருக்கிற இரண்டு ரிக்கில் ஒன்று இப்போது காங்கேயம் பக்கம் ஓடுகிறது, பொன்னுசாமி பார்த்துக்கொள்கிறார். கோயில் கேட்பார், மகள் வீடு கேட்பார், மலை கேட்பார் என்று அவள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள், அதில் இது இல்லை. பொறுக்காமல் அவள் எடுத்துக்கொடுத்திருந்தால் எத்தனை வருஷம் ஆனாலும் இது வந்திருக்காது. உடனே பயம் வந்தது. வண்டி மண்ணில் புதைந்து நிற்கிறது, சக்கரம் சுற்றுகிறது, புழுதி, போனில் சிக்னல் இல்லை, பக்கத்துச் சீட்டில் அவர், மாத்திரை நேரம் தாண்டுகிறது. எதிர்க் காட்டு நாய் குரைக்கிறது. பொன்னுசாமி வந்து, உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்த வேலை என்கிறார். இவ்வளவும் ஒரு நொடியில் வந்து, வந்த வேகத்திலேயே அடங்கி, அவள் அந்தப் பயத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு யோசித்தாள். அங்கே போய் என்ன செய்வார்? உட்கார்ந்திருப்பார். துளையிடுகிற சத்தத்தைக் கேட்பார். என்ன மண் வருகிறது என்று பார்ப்பார். அதற்கு வார்த்தை வேண்டியதில்லை.

"எனக்கு மண்ணு ரோட்டுல ஓட்டிப் பழக்கமில்லீங்க," என்றாள் சென்னியப்பனிடம். "வண்டி சிக்குனா என்ன பண்றதுன்னு நீங்கதான் சொல்லோணும். மெதுவாச் சொன்னாப் போதும்."

அவர் தலையாட்டவில்லை. ரொம்ப நேரம் கழித்து, சரி, என்றார்.

அந்தக் கட்டை டயரையே போடச் சொன்னாள். போட்ட ஒன்றைக் கழற்ற வேண்டும், கொஞ்சம் நேரமாகும், உள்ளே இரைச்சல் வரும், பரவாயில்லையா என்று ஹரிபிரசாத் கேட்டார். பரவாயில்லை என்றாள். ஹரிபிரசாத், பட்டன் எப்படிப் பிடிக்கும், சேற்றில் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு எப்படி ஓட்டவேண்டும் என்று அவளிடம் சொல்ல ஆரம்பித்தார், பாதியில் தானாகவே சென்னியப்பன் பக்கம் திரும்பி உட்கார்ந்து அவரிடம் சொன்னார். சென்னியப்பன் கையை உயர்த்தி நிறுத்தினார். இல்லை, அப்படி இல்லை என்கிற கை. காத்து, என்றார். காத்து, காத்து. வசந்தாமணிக்கு மறுபடி நாக்கு எழுந்தது. பக்கத்தில் இருந்தால் சொல்லிவிடுவாள் என்று அவளுக்கே தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்து, நான் ஒரு டீ குடிச்சுட்டு வர்றனுங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ரோட்டைத் தாண்டி ஒரு பேக்கரி இருந்தது. வாசலில் நின்று டீ சொன்னாள். வெயில் இறங்கியிருந்தது, மேற்கே மேகம் கூடியிருந்தது, காற்றில் எங்கோ பெய்த மழையின் வாசனை. தனியாக இப்படி ஒரு கடை வாசலில் நின்று டீ குடித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தாள், குடித்ததே இல்லை என்று தோன்றியது. எதிரே கண்ணாடிக்குள் இரண்டு பேரும் தெரிந்தார்கள். அவர் இடது கையால் காற்றில் எதையோ வட்டமாகப் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். ஹரிபிரசாத் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் வாய் அசைந்தது, நின்றது, நெடுநேரம் நின்றது, மறுபடி அசைந்தது. என்ன சொல்கிறார் என்று இங்கிருந்து கேட்கவில்லை. ஒரு பஸ் வந்து நடுவில் நின்று மறைத்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அது நகருமா என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. டீயை ஊதி ஊதி, நிதானமாகக் குடித்தாள்.